கல்யாண மகாலும் நம் வீட்டுக் கூடமும்

உள் அலங்காரம் என்றதும் விலையுயர்ந்த சோபாவும் திரைச்சீலையும் கண்ணாடி ஷோகேசுமே நம் நினைவுக்கு வருகின்றன. பணம் படைத்தோர் கலை அது என்று ஒதுங்கியும் விடுகிறோம். அக்கலையின் அடிப்படையை அறிய, 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டைக்குள் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும்.

ராஜகிரியின் அடிவாரத்தில், சதுர முற்றத்தின் நடுவே எட்டு நிலைகளுடன் எழுந்து நிற்கிறது கல்யாண மகால். அதன் மாடிகளில் நடுவே ஒரு சிறு அறை. சுற்றிலும் வளைவுகள் கொண்ட தாழ்வாரம். வெயிலைத் தாழ்வாரம் தாங்கிக்கொள்கிறது. காற்று அறைக்குள் வருகிறது. மேல்மாடிக்குச் சுடுமண் குழாய் வழியே நீரும் சென்றது. மனிதர் வாழ்வதற்கான அமைப்பு இது.

அதே கோட்டையிலுள்ள களஞ்சியமோ தடித்த சுவரும் வளைந்த கூரையுமாக மூடிக் கிடக்கிறது. தானியத்திற்கு ஈரமும் வெயிலும் ஆகா அன்றோ! ஊர் ஒன்றே, பயன் வேறு, ஆகவே உள்ளமைப்பும் வேறு. ‘இவ்விடத்தில் யார், என்ன செய்யப் போகிறார்?’ என்னும் கேள்வியே இக்கலையின் முதற்பாடம்.

அடுத்தவை நான்கு.

ஒன்று, வெளிச்சம். வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்புறமிருந்து வர வேண்டும். இல்லையேல் கையின் நிழல் தாளில் விழும். கணிப்பொறித் திரைக்குச் சன்னல் பக்கவாட்டில் இருப்பது கண்ணுக்கு நல்லது.

இரண்டு, காற்று. வரும் வழி இருந்தால் மட்டும் போதாது. எதிரே போகும் வழியும் வேண்டும். சன்னலை மறைத்து பீரோவை நிறுத்துவது அறையின் மூக்கைப் பொத்துவதாகும்.

மூன்று, நடைவழி. வீடாயினும் அலுவலகமாயினும், ஆட்கள் நடமாடும் பாதை ஏறக்குறைய 3 அடி அகலமேனும் இருத்தல் நலம். மேசை 2½ அடி உயரமும், நாற்காலியின் இருக்கை 1½ அடி உயரமும் இருந்தால் முதுகு வளையாது.

நான்கு, பொருள் வைக்கும் இடம். அன்றாடம் எடுப்பது கைக்கெட்டும் அலமாரியில். எப்போதோ எடுப்பது பரணில். சிறிய அறைக்கு வெளிர்நிறச் சுண்ணாம்பு பூசினால் ஒளி பரவி, அறை விசாலமாகத் தோன்றும்.

இவற்றில் பெரும்பாலானவற்றிற்குக் காசு தேவையில்லை. பொருள்களை இடம் மாற்றினாலே போதும். ஆயினும் நம் வீடுகளில் நடப்பதென்ன? கூடத்தின் நல்ல சுவர் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகிறது. தேர்வுக்குப் படிக்கும் பெண்ணோ வாசற்படியில் அமர்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறாள். அவ்வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவளாகவும் இருக்கலாம்.

தானியத்திற்கும் தக்க இடம் வகுத்தனர் நம் ஊரில் வாழ்ந்த முன்னோர். படிப்பவர்க்கு ஒரு சன்னலோரத்தையேனும் நாம் ஒதுக்கித் தருவோமாக!