வடதுருவப் பனியும் மழையும்

வெயிலிற் பனிக்கட்டி உருகும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால், பனியின்மேல் மழை பெய்யின் யாது நிகழும் என வினவின், விடை கூறுதல் எளிதன்று. வடதுருவப் பிரதேசத்திற் பனியாக விழவேண்டிய நீர் இக்காலத்து மழையாகவும் விழத் தொடங்கியிருத்தலின், இவ்வினா உலகத்தார் யாவரும் எண்ணத்தக்க வினாவாயிற்று. இதனைக் குறித்துச் சில கூற முற்படுகின்றோம்.

ஆண்டுதோறும் விழும் பனி, கோடையில் முற்றும் உருகாது எஞ்சி, ஒன்றன்மேலொன்றாய் அமுங்கிக் கட்டியாகி, தன் பாரத்தாலே தாழ்ந்த இடம் நோக்கி மெல்ல நகர்வதே பனியாறு எனப்படும். கிரீன்லாந்திற் கிடக்கும் பனிப்படலம் ஏறக்குறைய 17 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பும், சிற்சில இடங்களில் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கனமும் உடையது. இதற்கும் வணிகனுக்குப்போல வரவு செலவு உண்டு. விழும் பனி வரவு. உருகி ஓடும் நீரும், கடலில் உடைந்து வீழும் பாறைகளும் செலவு. 1979-ஆம் ஆண்டு தொடங்கி வடதுருவப் பிரதேசம் உலகச் சராசரியினும் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக வெப்பமுற்றது என 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. வெப்பம் மிகின் செலவு மிகும்; பனி மழையாக மாறின் வரவுங் குறையும்.

மழைநீர் தன் வெப்பத்தாலே பனியை உருக்கிவிடும் என்று பலர் கருதுவர். இக்கருத்தைச் சிறிது ஆராய்வோம். பனிக்கட்டி நீராக மாறுங்கால், சூடு ஏறாமலே பெருவெப்பத்தை உட்கொள்ளும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் கண்டறிந்தார். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். 5 பாகை சூடுள்ள ஒரு கிராம் மழைநீரோ, உறைநிலைக்குக் குளிருமுன் 5 கலோரியே தரவல்லது. ஆகவே, ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 16 கிராம் மழைநீர் வேண்டும். மழையின் சொந்தச் சூடு செய்யும் வேலை அற்பமே என்பது இக்கணக்கால் விளங்கும்.

அங்ஙனமாயின், மழைக்குப்பின் வெள்ளம் பெருகுவது எதனாலெனின், மூன்று காரணங் கூறலாம்.

முதலாவது, மழையோடு வரும் காற்று. அக்காற்று வெம்மையும் ஈரமும் உடையது. அதிலுள்ள நீராவி பனியின்மேற் படிந்து நீராகுங்கால், கிராம் ஒன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அது 7 கிராமுக்கு மேற்பட்ட பனிக்கட்டியை உருக்கப் போதியது. மழை மேகமும் கம்பளிபோல் மேலே மூடி, இரவிலும் வெப்பம் வெளியேறாவண்ணந் தடுக்கும்.

இரண்டாவது, பனியின் நிறமாற்றம். புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேலாகத் திருப்பி அனுப்பும். மழையில் நனைந்த பனியின் மணிகள் பருத்துக் கருமை கொள்ளும். மேற்பனி நீங்கி வெளிப்படும் பழங்கட்டியோ பெரும்பாலும் பாதி ஒளியையுந் திருப்பாது. ஆதலின் மழை நின்றபின்னும், தெளிந்த வானத்து ஞாயிறு மழை தொடங்கிய வேலையைத் தொடர்ந்து நடத்தும்.

மூன்றாவது, பழம்பனியின் கொள்ளளவு குன்றுதல். உயர்ந்த இடங்களிற் கட்டியாகாத பழம்பனி கடற்பஞ்சுபோல் நீரை உட்கொண்டு, அங்கேயே உறையவைக்கும். அதனால், உருகிய நீர் முழுவதும் கடலை அடைவதில்லை. ஆனால், உறையும் நீர் தான் பெற்ற 80 கலோரியைப் பனிக்கே திருப்பிக் கொடுத்து அதனை வெப்பமாக்கும், துளைகளையும் அடைக்கும். பலமுறை இங்ஙனம் நிகழின், உள்ளே கனத்த கட்டி மூடிபோற் படியும். பின்னர் வரும் நீர் உள்ளிறங்க வழியின்றி மேலேயே ஓடிக் கடல் சேரும்.

இவை ஏட்டளவில் நின்ற செய்திகள் அல்ல. 2012 ஜூலையிற் கிரீன்லாந்துப் பனிப்படலத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகுநிலை அடைந்தது. காங்கர்லுசுவாக் என்னும் ஊரில் வாட்சன் ஆறு பெருகிப் பாலத்தை உடைத்தது. 2021 ஆகஸ்டு 14-இல், 3,216 மீட்டர் உயரமுள்ள பனியுச்சி நிலையத்தில் மழை பெய்தது. அவ்விடத்து மழை பெய்ததாகப் பதிவு பெற்றது அதுவே முதன்முறை.

நிற்க. மேலே ஓடும் நீர் எங்குச் செல்கின்றது? பள்ளங்களில் ஏரியாகத் தேங்கிப் பின் பிளவுகளின் வழியே அடித்தளம் புகும். 2006-இற் கிரீன்லாந்தில் 5 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏரியொன்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்குள் வடிந்து மறைந்தது. அடியிற் சேர்ந்த நீர் பனியைத் தாங்கி வழுக்கச் செய்யும். எனினும், கோடை முதிருங்கால் நீர் தனக்குப் பெருவாய்க்கால்களை அறுத்துக்கொண்டு விரைந்து வெளியேறுதலின், வழுக்குதல் தணியும். கோடையிறுதியில் அவ்வாய்க்கால்கள் ஒடுங்கிய பின்னர்ப் பெருமழை பெய்யின், போக்கிடமற்ற நீர் பனியாற்றை மீண்டும் விரைவுபடுத்தும். 2011-இன் கோடையிறுதியில் மேற்குக் கிரீன்லாந்தில் இஃது அளந்தறியப்பட்டது. ஆகவே, மழையின் அளவேயன்றி அது பெய்யும் காலமும் கருதத்தக்கது.

நீர்ப்பெருக்கு என்றும் வளர்ந்துகொண்டே செல்லுமோ எனின், சிறு பனியாறுகளில் அன்று. வட்டியோடு முதலையும் எடுத்துச் செலவிடுவோன் சிலகாலஞ் செல்வனாகத் தோன்றிப் பின் வறியனாவதுபோல, அவற்றின் நீர் முதலிற் பெருகிப் பின்னர்ச் சுருங்கும். கிரீன்லாந்தின் பெருநிதியோ நெடுங்காலஞ் செலவாகும். 2002 முதல் 2023 வரை அது ஆண்டுக்குச் சராசரி ஏறக்குறைய 27,000 கோடி டன் பனியை இழந்தது. முழுவதும் கரையுமாயின் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும்.

இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பினாற் கடல்நீரைத் தன்பால் இழுத்து நிற்கின்றது. அது குறையுந்தோறும் அருகிலுள்ள கடல் தாழ, தொலைவிலுள்ள கடல் சராசரியினும் சற்று மிகுதியாக உயரும். தொலைவிலுள்ள கரைகளில் நம் சோழமண்டலக் கரையும் ஒன்று. ஸ்வால்பார்டு தீவுகளில் 2008-இல் இந்தியா ஹிமாத்ரி என்னும் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது, இங்ஙனம் நோக்கின், நமக்கு அயலான காரியமன்று.

இவ்வெப்பமிகுதிக்குத் தலைமையான காரணம், நிலக்கரியும் எண்ணெயும் எரிதலால் எழும் கரியமிலவாயுவே. உலகம் நம் உடைமையன்று. நாம் அதன் உக்கிராணக்காரர் மாத்திரமே என்பது நாம் கற்றுவரும் பாடம். உக்கிராணக்காரனிடத்துக் கணக்குக் கேட்கப்படும். அக்கணக்கின் ஒரு பகுதி வடதுருவப் பனியிலே எழுதப்பட்டு வருகின்றது. அதனை வாசிக்கக் கற்றல் நம் முதற்கடமை, எரிப்பதைக் குறைத்தல் அடுத்த கடமை.