பெரிய மலையும் மட்டாஞ்சேரிச் சிலுவையும்

1599ஆம் ஆண்டு உதயம்பேரூரில் கூடிய மாமன்றம், கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களை, அதாவது சுரியானி மொழியில் வழிபட்டு வந்த பழமையான கிறிஸ்தவச் சமூகத்தாரை, போர்ச்சுக்கீசிய ஆயர்களின் ஆளுகைக்குள் கொண்டுவந்ததைச் சென்ற இதழில் கண்டோம். அந்த ஆளுகைக்கு எதிராக 1653இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பெரும் கிளர்ச்சிக்கான காரணங்களைத் தேடிச் செல்பவர்கள், கேரளத்தை விட்டுக் கிழக்கே வந்து, மயிலாப்பூரையும் அதன் தென்மேற்கிலுள்ள பெரிய மலையையும், அதாவது இன்றைய பரங்கிமலையையும், பார்த்தாக வேண்டும்.

தோமையார் இம்மலையில் உயிர்நீத்து மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கேரளத்துக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் மரபு. அவர்களது மார்க்கம்களி என்னும் ஆடற்பாட்டுகளிலும் இக்கதை விரிவாக இடம்பெறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, புனிதரின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியரும் யாத்திரை வந்ததாகவும், அவ்விடத்துச் செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் சென்றதாகவும் எழுதியுள்ளார். போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்கு வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பே இத்தலம் புகழ்பெற்றிருந்தது என்பதற்கு இக்குறிப்பு தெளிவான சான்றாகும்.

1547இல் மலையுச்சியில் ஆலயம் எழுப்புவதற்காக நிலத்தைத் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கற்பலகை ஒன்று கிடைத்தது. அதுவே இன்று அவ்வாலயத்தின் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. நுனிகள் மொட்டுப்போல் விரிந்த சிலுவை படிகளின்மேல் நிற்க, அதன் அடியில் இதழ்கள் இருபுறமும் சுருண்டு விரிகின்றன; மேலிருந்து புறா ஒன்று இறங்குகிறது; இருபக்கத் தூண்களின்மேல் அமர்ந்த மகரம் போன்ற உருவங்களின் வாயிலிருந்து வளைவு ஒன்று எழுகிறது. அந்த வளைவை ஒட்டி ஓடும் எழுத்துகளுக்கு 16ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட பொருள் வெறும் கற்பனை என்பதும், அவை பண்டைய பாரசீகத்தில் வழங்கிய பஹ்லவி மொழிக்குரியவை என்பதும், 1870களில் ஏ.சி. பர்னெல் செய்த ஆய்வுக்குப் பிறகே துலங்கின. கேரளத்தின் கோட்டயம் வலியபள்ளியிலும் இதே அமைப்பும் இதே மொழியும் கொண்ட சிலுவைகள் இருப்பதால், பாரசீகத் திருச்சபையோடு தொடர்புகொண்ட ஒரே சமூகம் இரு கரைகளிலும் வாழ்ந்தது என்று கொள்வதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கிறது.

திருச்சபை நிர்வாகமும் இவ்விரு கரைகளையும் ஒருகாலத்தில் இணைத்தே வைத்திருந்தது. 1557இல் உருவான கொச்சி மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் ஆட்சி எல்லையின், கீழ்தான் மயிலாப்பூர் முதலில் இருந்தது. 1606இல்தான் அது தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது.

1652இல் அகத்தல்லா என்னும் மேற்காசிய ஆயர் மயிலாப்பூருக்கு வந்துசேர்ந்தபோது, போர்ச்சுக்கீசியர் அவரை ஐயத்துக்குரியவராகக் கருதி இயேசு சபையாரின் காவலில் வைத்தனர். அந்நேரத்தில் தோமையாரின் தலத்துக்கு யாத்திரையாக வந்திருந்த கேரளத்துத் திருத்தொண்டர்கள், அதாவது குருத்துவத்துக்கு முந்தைய நிலையிலிருந்த இளம் பணியாளர்கள், அவரைச் சந்தித்து, அவர் தம் சமூகத்தாருக்கு எழுதிய மடலை ஊருக்குக் கொண்டு சென்றனர். சுரியானி மரபைச் சேர்ந்த ஓர் ஆயருக்காக நெடுங்காலம் ஏங்கியிருந்த மக்களுக்கு அம்மடல் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. அவரை ஏற்றி வந்த கப்பல் கோவாவுக்குச் செல்லும் வழியில் கொச்சியைத் தொட்டபோது, திரண்டு நின்ற மக்கள் அவரைக் காண வேண்டும் என்று மன்றாடியும் அனுமதி மறுக்கப்பட்டது. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற பேச்சும் பரவியது.

அதன் விளைவாக, 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூடியவர்கள், பேராயர் கார்சியாவுக்கும் இயேசு சபையாருக்கும் இனிப் பணிவதில்லை என்று ஆணையிட்டனர். ஆணையிடும்போது அங்கிருந்த கற்சிலுவையை எல்லோரும் தொட இயலாததால் அதில் வடங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டனர் என்றும், இழுவிசையில் அது வளைந்துவிட்டது என்றும் மரபு கூறுகிறது. கூனன் குரிசு சத்தியம், அதாவது வளைந்த சிலுவை ஆணை, என்னும் பெயர் அதற்கு இவ்வாறே வந்தது.

பரங்கிமலை ஆலயத்தைப் போர்ச்சுக்கீசியரின் நினைவுச்சின்னமாக மட்டும் கருதுவோர், அவர்களுக்கு முன்னும் பின்னும் அங்கு நடந்துவந்த கேரளத்து யாத்ரிகர்களை மறந்துவிடுகின்றனர். மலையடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் படிகளைப் பிற்காலத்தில் அமைத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கீழைத் திருச்சபைகள் பலவற்றுக்கும் அம்மலை பொதுச்சொத்தாக இருந்தமை புலனாகும். அந்நிய ஆளுகையின் மையமாக மாறிய மயிலாப்பூரிலிருந்தே அவ்வாளுகையை உலுக்கிய மடலும் புறப்பட்டது. அதைச் சுமந்து சென்ற வழி, ஆயர்கள் வகுத்ததன்று, பக்தர்கள் பல நூற்றாண்டுகளாக நடந்து உண்டாக்கியது.

ஆணையிட்ட மக்கள் 1653 மே 22 அன்று ஆலங்காட்டில் தமக்கெனத் தலைவரை நியமித்துக்கொண்ட வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)