நன்றியும் தேய்வும்

ஆங்கிலம் பயிலும் மாணவர் எதிர்ச்சொற்களை இரண்டிரண்டாக மனப்பாடம் செய்வர். அவ்வரிசையில் ‘பெனிபிட்’ என்பதும் ‘டெட்ரிமெண்ட்’ என்பதும் ஓர் இணை. முன்னதற்கு நன்மை என்றும் பின்னதற்குத் தீமை என்றும் பொருள் எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயினும், இவ்விரு சொற்களும் பகலும் இரவும் போல ஒன்றற்கொன்று நேர் எதிராக நிற்பன அல்ல. அவை பிறந்த இடத்தை நோக்கினால் இவ்வுண்மை புலனாகும்.

இரண்டும் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. அம்மொழியில் ‘பெனே’ என்றால் ‘நன்றாக’ என்பது பொருள். ‘பாக்டும்’ என்றால் ‘செய்யப்பட்டது’ என்பது பொருள். இவ்விரண்டும் சேர்ந்து, பிரெஞ்சு மொழியின் வழியே உருத்திரிந்து, ஆங்கிலத்தில் ‘பெனிபிட்’ ஆயிற்று. ஆகவே, ஒருவர்க்கு ஒருவர் செய்த நற்செயலே இதன் முதற்பொருள். தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்பது. பண்டை வழக்கில் நன்றி என்பது நன்மையையே குறித்தது. உதவி பெற்றவர் கூறும் உபசாரமொழியைக் குறித்தது பிற்காலத்தில்தான். ‘செய்ந்நன்றி’ என்னும் தொடரும் அந்த இலத்தீன் தொடரும் உறவுடையன அல்ல. எனினும், இரு மொழியாரும் நன்மையைச் செயலாகவே கண்டனர். முதிர்ந்த கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர்க்கு வருவாய் சேரும்படி நடத்தும் ஆட்டத்தை ‘பெனிபிட் மேட்ச்’ என்பதும் இப்பொருள் பற்றியே ஆகும்.

‘டெட்ரிமெண்ட்’ என்பதோ செய்கையைக் குறித்துப் பிறந்த சொல் அன்று. அதன் வேர் ‘தேய்த்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. தேய்ந்து போனதே டெட்ரிமெண்ட். மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆற்று நீரில் உருண்டு, பொடியாகிக் குவிவதை நிலநூலார் ‘டெட்ரைட்டஸ்’ என்பர். அதுவும் இவ்வேரில் முளைத்ததே. பழைய நகையை நிறுக்கும் பொற்கொல்லர், அதன் எடையில் குறைந்ததைத் தேய்மானம் என்று கூறுவார். அந்தப் பொன்னை எவரும் களவாடவில்லை. அணிந்தவரின் கழுத்தும் ஆடையும் நாள்தோறும் உரசி உரசிக் கொண்டுபோயின.

மண்குடம் கீழே விழுந்து உடைந்தால் அஃது இழப்பு. உடைந்த அப்போதே கண்ணுக்குத் தெரியும். தேய்வு அத்தகையது அன்று. எருவிடாமல், பயிரையும் மாற்றாமல், ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஒன்றையே விதைப்பவன் முதல் விளைச்சலைக் கண்டு மகிழ்வான். மண்ணின் வளம் தேய்வதை அவன் அறிவதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். கி.மு. 63இல் கட்டிலைன் என்பவனது சதி உரோமாபுரியை அச்சுறுத்தியபோது, அந்நாட்டு மூதவை சிசரோ உள்ளிட்ட கான்சல்கள் இருவர்க்கும் ஓர் ஆணை விடுத்தது. குடியரசுக்கு ஊறு நேராமல் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஊறு என்பதற்கு அவ்வாணையில் ஆண்ட சொல் இந்தத் தேய்வுச் சொல்லே. ஆயுதம் தாங்கிய பகைவரை அஞ்சிய வேளையிலும் அழிவு என்னாது தேய்வு என்றது எண்ணத்தக்கது.

சட்ட நூலாரிடம் சென்றபோது இவ்விணை இன்னும் வியப்பான போக்கை மேற்கொண்டது. ஆங்கில நாட்டுச் சட்டத்தின்படி, வெறும் வாக்குறுதி ஒருவனைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. அதற்கு ஈடாக ஒரு கைம்மாறு இருத்தல் வேண்டும். வாக்களித்தவன் ஒரு பெனிபிட் பெற்றிருக்கலாம். அன்றேல், வாக்குப் பெற்றவன் ஒரு டெட்ரிமெண்ட் ஏற்றிருக்கலாம். இவ்விரண்டில் ஒன்றே போதும் என்று 1875இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று விளக்கியது. அவ்வாறாயின், டெட்ரிமெண்ட் என்பது உண்மையாகவே துன்பமாக இருத்தல் வேண்டுமோ? இவ்வினா அமெரிக்க நாட்டு நியூயார்க்கில் ஒரு குடும்பத்தாரின் வழக்கில் எழுந்தது.

வில்லியம் ஸ்டோரி என்பவர் 1869ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் பெற்றோரின் பொன்விழா மணநாளன்று, உறவினர் கூடியிருந்த அவையில் தம் பெயரே கொண்ட உடன்பிறந்தார் மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இருபத்தோர் அகவை நிரம்பும் வரை மதுவும் புகையிலையும் தொடாமல், தகாத சொல் பேசாமல், பணம் வைத்துச் சீட்டும் பில்லியர்ட்ஸும் ஆடாமல் இருந்தால் 5,000 டாலர் தருவதாகக் கூறினார். இளைஞன் உடன்பட்டான், சொன்ன வண்ணமே ஒழுகினான். 1875இல் அகவை நிரம்பியதும் வாக்களித்தவர்க்கு மடல் எழுதினான். அவர் மறுக்கவில்லை. பணம் அவனுக்கு உரியதே என்றும், அவன் அதனைப் பேணும் பக்குவம் அடையும்வரை வட்டியுடன் தாமே வைத்திருப்பதாகவும் விடை எழுதினார். அவனும் இசைந்தான். 1887இல், பணத்தைக் கொடாமலே, அவர் இறந்தார்.

அவருடைய சொத்தின் பொறுப்பாளரான சிட்வே பணம் தர மறுத்தார். அவரது வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. குடியும் புகையும் விட்டதால் அவ்விளைஞனுக்கு நேர்ந்த கேடு யாது? ஒன்றும் இல்லை, நன்மையே விளைந்தது. பெரியவர்க்கும் அதனால் ஊதியம் இல்லை. ஆதலின் கைம்மாறு இல்லை. ஒப்பந்தமும் இல்லை என்றார். இடைநிலை மன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

வழக்கு நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த முறையீட்டு மன்றத்தை அடைந்தது. 1891இல் நீதிபதி ஆல்டன் பார்க்கர் தீர்ப்பு எழுதினார். அவ்விளைஞன் முன்னர்ப் புகையிலை பயன்படுத்தியவன். எப்போதேனும் மது அருந்தியவன். அவ்வாறு செய்யச் சட்டப்படி அவனுக்கு உரிமை இருந்தது. பெரியவரின் சொல்லை நம்பி அவ்வுரிமையைச் சில ஆண்டுகள் அவன் குறுக்கிக்கொண்டான். அக்குறுக்கமே சட்டத்தின் கண்ணில் போதிய கைம்மாறு ஆகும். அதனால் அவன் உடல் நலம் பெற்றதா என்று ஆராய்வது மன்றத்தின் வேலை அன்று என்பது அவர் முடிபு. மருத்துவர் பார்வையில் நன்மையாக இருந்தது, சட்ட நூலார் பார்வையில் உரிமையின் தேய்வாயிற்று. செயல் ஒன்றே; அளந்த கோல்தான் இரண்டு.

பணம் அவ்விளைஞன் கைக்குச் செல்லவில்லை. அதனைப் பெறும் உரிமை அதற்கு முன்பே பலர் கைமாறி லூயிசா ஹேமர் என்னும் அம்மையாரிடம் சேர்ந்திருந்தது. அதனால் வாக்களித்த பெரியவர் பெயரும் இல்லாமல், வாக்கைக் காத்த இளையவன் பெயரும் இல்லாமல், ‘ஹேமர் எதிர் சிட்வே’ என்றே அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் அவ்வழக்கை இன்றும் பயில்கின்றனர்.