குட்டி ஈனும் பூனைக்கும் பச்சிளங் குட்டிகளுக்கும் பராமரிப்பு

நெல் மூட்டையும் வைக்கோற்போரும் உள்ள வீட்டில் எலி இருக்கும். எலி உள்ள வீட்டைத் தேடிப் பூனையும் வரும். திருச்சிராப்பள்ளி–தஞ்சாவூர் சாலையில் உள்ள காட்டூர் இன்று மாநகராட்சிப் பகுதியாகி, வயல்கள் பல மனைகளாகிவிட்டன. ஆயினும் தொழுவமும் தானிய அறையும் உள்ள வீடுகள் அந்தச் சுற்று வட்டாரத்தில் இன்னும் உள்ளன. அங்கெல்லாம் பூனை வளர்ப்பதும் வழக்கமே.

சினைப்பசுவை இரவெல்லாம் விழித்திருந்து கவனிக்கும் நாம், சினைப்பூனையை அதன் போக்கில் விட்டுவிடுகிறோம். பூனை பெரும்பாலும் பிறர் உதவியின்றியே குட்டி போடும் என்பது உண்மைதான். ஆனால் பிறந்த குட்டிகள் மடிவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். குளிர், பட்டினி, தேவையற்ற கையாளல் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். இம்மூன்றையும் செலவின்றித் தடுக்கலாம்.

சினைக் காலமும் தீவனமும்

பெட்டைப் பூனை 5 அல்லது 6 மாத வயதிலேயே பருவத்திற்கு வரக்கூடும். சினைக்காலம் சராசரியாக 63 முதல் 65 நாட்கள். மூன்றாவது வாரத்தில் காம்புகள் இளஞ்சிவப்பாகித் தடிக்கும். ஐந்தாவது வாரத்திற்குப் பின் வயிறு பெருப்பது தெரியும். குட்டிகளை எண்ணுவதற்காக வயிற்றை அழுத்திப் பார்த்தல் கூடாது.

பால்சோறு மட்டும் பூனைக்குப் போதாது. பூனை ஊன் உண்ணும் பிராணி. அதன் கண்ணுக்கும் இதயத்திற்கும் இன்றியமையாத 'டாரின்' என்னும் சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கிறது. வேக வைத்து முள் நீக்கிய மீன், கோழிக் கழிவு இறைச்சி, வெந்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சோற்றுடன் பிசைந்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையாகக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. ஆகையால் மீந்த குழம்பை ஊற்றுதல் கூடாது. உப்புக் கருவாட்டையும் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் மூன்றாவது, நான்காவது வாரங்களில் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தீவனம் தேவைப்படும். நல்ல தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

குட்டி போடும் இடம்

ஈனும் நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே இடம் ஏற்பாடு செய்துவிட வேண்டும். இல்லையேல் பூனை பரணையோ, பத்தாயத்தின் பின்புறத்தையோ, பாம்பு நடமாடும் வைக்கோற்போரையோ தானே தேர்ந்துகொள்ளும்.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள மரப்பெட்டியோ தடித்த அட்டைப்பெட்டியோ போதும். தாய் தாண்டிச் செல்லவும் குட்டிகள் வெளியே விழாமல் இருக்கவும் வாயிற்பக்கம் அரையடி உயரம் இருக்கட்டும். அடியில் செய்தித்தாள் விரித்து, மேலே துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியைப் போட வேண்டும். சாக்கின் இழைகளில் குட்டிகளின் நகம் சிக்கிக்கொள்ளும். உமியும் மரத்தூளும் ஈரக் குட்டியின் மூக்கில் ஒட்டும்.

பெட்டியை இருட்டான, சந்தடியற்ற மூலையில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தல் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் சாரலும் ஊதல் காற்றும் படக்கூடாது. எறும்பு வராமலிருக்க, பெட்டியைச் சிறு பலகையின் மீது வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். எறும்புப் பொடி தூவுதலும் பினாயில் தெளித்தலும் கூடவே கூடாது. பினாயில் போன்ற பொருட்களின் நஞ்சைப் பூனையின் ஈரலால் எளிதில் முறிக்க இயலாது. சோப்பு நீரால் கழுவி வெயிலில் உலர்த்துவதே போதுமான சுத்தம்.

ஈனும் நேரம்

ஈனுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பூனை தீவனத்தைக் குறைக்கும், துணியைப் பிறாண்டும், அங்குமிங்கும் அலையும், பின்புறத்தை நக்கும். பலமாக முக்கத் தொடங்கிய பின் அரை மணி நேரத்திற்குள் முதல் குட்டி வெளிவருவது வழக்கம். அடுத்தடுத்த குட்டிகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேர இடைவெளியில் வரும். ஓர் ஈற்றில் பொதுவாக 3 முதல் 5 குட்டிகள் இருக்கும். பின்னங்கால்கள் முதலில் வருவதும் பூனையில் இயல்பே.

தாய் சவ்வைக் கிழித்து, குட்டியை நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து விடும். நஞ்சுக்கொடியைத் தின்றாலும் தடுக்க வேண்டியதில்லை. குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி வீதம் வெளிவந்ததா என எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஓரிரு நிமிடத்தில் தாய் சவ்வைக் கிழிக்காவிடில் மட்டும் நாம் கை கொடுக்க வேண்டும். கையைச் சோப்பினால் கழுவி, குட்டியின் முகத்தின் மேலுள்ள சவ்வை முதலில் நீக்கி, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் உடலைத் தேய்த்துவிட வேண்டும். குட்டி கத்தும் வரை தேய்த்தல் நன்று. தலைகீழாகச் சுழற்றுதல் ஆபத்து. கொடி அறாமல் இருந்தால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுக் கொதிநீரில் போட்டெடுத்த நூலால் கட்டி, அதற்கு அப்பால் சுத்தமான கத்தரியால் வெட்ட வேண்டும். பின்னர் குட்டியைத் தாயின் மடியில் சேர்க்க வேண்டும்.

உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய நிலைகள்

1. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராதிருத்தல்.
2. குட்டி பாதி வெளிவந்து பத்து நிமிடம் சிக்கிக்கொள்ளுதல். இழுக்க முயலக் கூடாது.
3. முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்திலோ துர்நாற்றத்துடனோ கசிவு வருதல்.
4. ஈன்ற பின் சிவந்த இரத்தம் நிற்காமல் ஒழுகுதல்.
5. வயிற்றில் குட்டி மீதமிருக்க, இரண்டு மணி நேரத்திற்கு மேல் தாய் சோர்ந்தோ தவித்தோ இருத்தல்.
6. பாலூட்டும் நாட்களில் தாய் நடுங்குதல், தள்ளாடுதல், விறைத்தல். இது சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அறிகுறி. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையின் நேரத்தையும், இரவில் யாரை அணுகுவது என்பதையும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

முதல் வாரம்

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் எடை இருக்கும். அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. தாயின் உடலும் உடன்பிறப்புகளின் உடலுமே அதன் போர்வை. முதல் நாள் சீம்பால்தான் நோய் எதிர்ப்பைத் தருகிறது. ஆகவே எல்லாக் குட்டிகளும் முதல் சில மணி நேரத்திற்குள் காம்பைப் பற்றினவா என்று பார்க்க வேண்டும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், தாய் வெளியே சென்றிருக்கையில், கிராம் காட்டும் தராசில் எடை பார்க்கலாம். தினம் 10 முதல் 15 கிராம் கூடினால் பால் போதுகிறது. எடை கூடாத குட்டியும் ஓயாமல் கத்தும் குட்டியும் துன்பத்தில் உள்ளன. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு வாயில் பால் ஊற்றக் கூடாது. முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்து மெல்லச் சூடேற்றி, பிறகே பால் கொடுக்க வேண்டும்.

அண்டை வீட்டார் வந்து பார்ப்பதும் பிள்ளைகள் தூக்கி விளையாடுவதும் இந்நாட்களில் வேண்டாம். தொந்தரவு மிகுந்தால் தாய் குட்டிகளை வேறிடத்திற்குக் கவ்விச் செல்லும். கழுத்தின் பின்தோலைத் தாய் கவ்வியதும் குட்டி கைகால்களை மடக்கி அசையாமல் கிடக்கும். ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர்கள் இறையருளை விளக்கக் கையாண்ட 'மார்ஜார நியாயம்' இக்காட்சியைத்தான் உவமையாகக் கொண்டது. மாற்றிய இடம் பாதுகாப்பானதாயின் அங்கேயே விட்டுவிடுங்கள். கடுவன் பூனையும் தெருநாயும் குட்டிகளைக் கொல்லக்கூடும். அவை நுழையாதபடி வழியை அடைக்க வேண்டும்.

தாயை இழந்த குட்டிகள்

பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. எனவே வெறும் பசும்பாலில் குட்டி தேறாது. கடைகளில் பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவே சிறந்தது. அது கிடைக்கும் வரை ஓரிரு நாட்களுக்கு, தண்ணீர் கலவாத கால் லிட்டர் பசும்பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆற்றி, இரண்டு முட்டை மஞ்சட்கருவையும் ஒரு சிறு கரண்டி எண்ணெயையும் கலந்து கொடுக்கலாம். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், வேளைக்கு 3 அல்லது 4 மில்லி போதும். குட்டியைக் குப்புற வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் ஈரப்பஞ்சினால் அடிவயிற்றின் கீழ்ப்புறத்தை வருடினால்தான் சிறுநீரும் மலமும் கழியும்.

பிந்திய கவனிப்பு

7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் நடக்கும். நான்காம் வாரத்தில் மசித்த மீன்சோற்றை நக்கப் பழக்கலாம். எட்டு வாரம் முடியுமுன் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது.

தாய்ப்பால் வழியாகவும் குடற்புழு வருவதால், மூன்றாம் வாரம் முதல் குட்டிகளுக்கும் தாய்க்கும் மருத்துவர் சொல்லும் அளவில் புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும். நாய்க்கு உரிய உண்ணி மருந்தும் பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியும் பூனைக்கு நஞ்சு. 8 வாரத்தில் தொற்றுநோய்த் தடுப்பூசியும், 12 வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாய்ப்பூனை உள்ள வீட்டில் எலி விஷம் வைத்தல் ஆகாது. புரோமடியோலோன் தின்ற எலியைத் தின்னும் பூனையும் நஞ்சுக்கு இரையாகும். வயலில் தஞ்சாவூர்க் கிட்டியும் வீட்டில் எலிப்பொறியும் பயன்படுத்தலாம்.

பாலூட்டும்போதே பூனை மறுபடியும் சினைப்படக்கூடும். வளர்க்க ஆளில்லாத குட்டிகள் தெருவில் மடிவதைத் தவிர்க்க, குட்டிகள் பால் மறந்தவுடன் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிடுவதே முறை. ஒரே ஈற்றில் வந்த குட்டிகள் நன்கு வளர்ந்தால், தானியக் காவலுக்கு அவையே போதும்.