சுண்டல் சாப்பிட்டால் நெடுநேரம் பசிப்பதில்லையே, ஏன்?

ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் பல மணி நேரம் பசி தாங்கும். அதிலுள்ள புரதம் ஒரு காரணம். இன்னொரு காரணம், உங்கள் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்!

எப்படி?

கடலையின் நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் இல்லை. அது சில மணி நேரத்தில் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன.

குடல் சுவரில் ஆங்காங்கே ‘எல்’ செல்கள் உண்டு. அவற்றின் மேலுள்ள ஏற்பிகளை வாசலில் இருக்கும் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலங்கள் வந்து மணியை அழுத்தியதும், ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் ஆகிய ஹார்மோன்களைச் செல் ரத்தத்தில் விடுகிறது.

பிறகு? இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. சர்க்கரை ஏறும்போது கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கிறது. ‘போதும்’ என்ற செய்தி மூளைக்கு எட்டுகிறது.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் புரோப்பியோனேட்டைப் பெருங்குடல்வரை கொண்டுசேர்த்துப் பார்த்தார்கள். தன்னார்வலர்களுக்கு இந்த இரு ஹார்மோன்களும் கூடின. சாப்பிட்ட அளவு குறைந்தது.

நார்ச்சத்து இல்லாவிட்டால் மணியை அழுத்த ஆளில்லை. பயறு, கீரை, சிறுதானியங்களைத் தினமும் சேருங்கள். ஒரே நாளில் அதிகம் சேர்த்தால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.