திரையில் தெரிவது போலீஸ் எண்தானா?

அண்மையில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வானொலியில் பேசுகிறவன் என்று தெரிந்ததும் பெரியவர்கள் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். விருப்பப் பாடல் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டதோ வேறு. "தம்பி, போலீஸ் ஸ்டேஷன் நம்பர்ல இருந்தே போன் வருது. எடுக்காம இருக்க முடியுமா?"

ஓர் அம்மா தம் கதையைச் சொன்னார். பல்லாண்டு காலம் பால்மரம் சீவியவர். கணவர் இல்லை. சேமநிதிப் பணம்தான் ஆதாரம். அழைத்தவன் மலாய் மொழியில் அதட்டினானாம். உங்கள் பெயரில் போதைப்பொருள் வழக்கு இருக்கிறது, கைது ஆணை தயார், பணத்தை வேறு கணக்குக்கு மாற்றாவிட்டால் முடக்கிவிடுவோம் என்றானாம். நம்பாவிட்டால் இந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சவால் விட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் தேடிப் பார்த்தான். அது உண்மையிலேயே ஒரு காவல் நிலையத்தின் எண்! அந்த அம்மா வங்கிக்குப் புறப்பட்டுவிட்டார். முகப்பில் இருந்த ஊழியர் நான்கு கேள்வி கேட்டதால்தான் பணம் தப்பியது.

எண் உண்மை, அழைத்தவன் பொய். இது எப்படிச் சாத்தியம்?

பழைய கம்பித் தொலைபேசியில், அழைப்பவரின் எண்ணைத் தொலைபேசி நிலையமே சேர்த்து அனுப்பும். இணையத் தொலைபேசியில், எந்த எண்ணைக் காட்டுவது என்பதை அனுப்புகிறவரின் மென்பொருளே நிரப்ப முடியும். கடித உறையில் அனுப்புநர் முகவரி எழுதுவது போலத்தான் இது. எங்கோ இருந்துகொண்டு 'அலோர் ஸ்டார்' என்று எழுதினாலும் தபால்காரர் விசாரிப்பதில்லை. அந்த அழைப்பு நம் நாட்டுக் கட்டமைப்புக்குள் நுழையும்போது யாரும் சோதிக்காவிட்டால், உறையில் எழுதியது அப்படியே நம் திரையில் தெரியும். 04 என்று பார்த்ததும் கெடா, பினாங்கு, பெர்லிஸ்காரர் யாரோ என்று எடுத்துவிடுகிறோம்.

தண்டனைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டம் 420-ஆவது பிரிவின்படி ஏமாற்றுக் குற்றத்துக்கு ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் உண்டு. ஆனால் குற்றவாளி கடல் கடந்து உட்கார்ந்திருந்தால் பிரம்பு அவனை எட்டாது. அதனால்தான் பல நாடுகள் அழைப்பைச் சுமந்து வரும் நிறுவனங்களின் பக்கம் திரும்பியுள்ளன.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டு அழைப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால் கூட்டல் குறி வந்துவிடும். உள்ளூர்க் காவல்துறை என்று சொல்பவனின் எண்ணில் அந்தக் குறி இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30-க்குள், இணையவழி அழைப்பின் எண்ணுக்கு மின்னணுக் கையொப்பமிடும் முறைக்கு மாற வேண்டியிருந்தது. இந்தியா 2024 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைப் போர்த்திக்கொண்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டதாக அரசு அறிவித்தது.

ஒரேயடியாகத் தடை செய்துவிடலாமே என்று கேட்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனத்தின் எந்த மேசையிலிருந்து அழைத்தாலும் பொது எண்ணைக் காட்டுவது நியாயமான தேவைதான். வெளிநாடு போன நம் பிள்ளை மலேசிய எண்ணிலிருந்தே வீட்டுக்கு அழைப்பான். எனவே அந்த எண்ணைக் காட்டும் உரிமை அழைப்பவருக்கு உண்டா என்பதைச் சோதிப்பதே சரியான வழி.

இங்கே மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2024 செப்டம்பர் முதல், நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் இணைய இணைப்பு வைப்பதையும் தடை செய்தது. தொலைபேசி நிறுவனங்கள் சந்தேக அழைப்புகளைத் தடுத்தும் வருகின்றன. குறுஞ்செய்திக்குக் காட்டிய அதே கறாரைக் குரல் அழைப்புக்கும் காட்ட வேண்டும். சோதிக்காமல் உள்ளே விட்ட நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். இழப்பு முழுவதையும் தோட்டத்து மூதாட்டியின் தலையில் கட்டுவது நியாயமல்ல.

அதுவரை சில வழிகள் இருக்கின்றன. மிரட்டல் அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். காவல் நிலைய எண்ணை நீங்களே தேடி, நீங்களே அழுத்துங்கள். திரையில் வந்தது போலி எண்ணாக இருந்தால், உங்கள் அழைப்பு அவனிடம் போகாது, உண்மையான நிலையத்துக்கே போகும். காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தொலைபேசி எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரவல் எண்ணில் குற்றப் பதிவு இராது. பணம் கேட்கும் வங்கிக் கணக்கு எண்ணையும் தேடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 997-க்கு அழையுங்கள். பணம் கணக்குக் கணக்காகத் தாவுவதற்குள் தடுப்பதற்கான மையம் அது.

கூலிமிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அழைக்கும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பிறகு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: "எந்த போலீஸும் போனில் காசு கேட்காது. கேட்டால் வைத்துவிட்டு முதலில் என்னைக் கூப்பிடுங்க."