வேர் கைவிட்டால் இலை

மொட்டைமாடி வெண்டையில் இளம் இலை மட்டும் மஞ்சளாகி, நரம்பு பச்சையாகவே நின்றால் பெரும்பாலும் இரும்புக் குறைதான். மண்ணில் இரும்பு இல்லையா? இருக்கும். சென்னையில் பெருங்குடிப் பக்கம் உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறும். இரும்பு கரையாது, வேருக்கு எட்டாது. உரத்தை அள்ளிப் போட்டாலும் அதே கதி.

குறுக்கு வழி, இலை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். அமிலம் இல்லாவிட்டால் கரைசல் துருநிறமாகும். அதைத் தெளிப்பது வீண். இலையின் மெழுகுப் படலம் ஈரமாக இருக்கும்வரைதான் சத்து உள்ளே இறங்கும். சென்னை வெயிலில் பத்து மணிக்குத் தெளித்தால் சட்டெனக் காய்ந்து, உப்பு இலையைக் கருக்கிவிடும். மாலையில், அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். இரும்பு இலைவிட்டு இலை அதிகம் நகராது. புதுத்தளிர் வெளுத்தால் மறுபடி தெளிக்க வேண்டியதுதான்.